நாடு என்ற கட்டம்

விண்ணப்பத்தில் 'நாடு' என்ற கட்டத்தில் ஒரு பெண் 'தெரியவில்லை' என்று எழுதியிருந்தாள்.

பிரிஜா கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் சேர்க்கைப் பிரிவில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறவள். மே மாதம் வந்தால் ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் குவியும். மற்றவர்கள் மதிப்பெண்ணையும் சாதிச் சான்றிதழையும் மட்டும் பார்த்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். பிரிஜாவுக்கு முழுவதையும் வாசித்தால்தான் நிம்மதி. தகப்பனின் தொழில் 'யானைப் பாகன்' என்றிருந்தால் எந்தக் கோவில் யானை என்று தெரிந்துகொள்ள வேண்டும். அங்க அடையாளத்தில் 'வலது முழங்கையில் தழும்பு' என்றிருந்தால் அது எப்படி வந்தது என்று அரை நிமிடமாவது யோசிப்பாள். 'தெரியவில்லை' என்பதை இதுவரை அவள் பார்த்ததில்லை. விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பும்போது 'இந்தியர்', 'பிறர்' என்று இரண்டு வாய்ப்புகள் வரும். அந்தப் பெண் 'பிறர்' என்பதைத் தேர்ந்திருந்தாள். பிறகு திறந்த கட்டத்தில் இந்தச் சொல்லைத் தட்டியிருந்தாள். பிறந்த இடம் என்பதற்கு எதிரே ஒரு சிறிய கோடு. பெயர் அபினா. வள்ளவிளைப் பக்கத்துக் கடற்கரை. பன்னிரண்டாம் வகுப்பில் அறுநூற்றுக்கு ஐநூற்று எழுபத்தொன்று. கேட்டிருந்த பாடம் இயற்பியல்.

பிரிஜா அதை எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளர் தாணுமாலயனிடம் போனாள். ஓய்வு பெற இன்னும் ஒன்பது மாதம் இருந்தது அவருக்கு. அந்த ஒன்பது மாதமும் ஒரு சிக்கலும் இல்லாமல் போக வேண்டும் என்பதே அவர் விருப்பம். கண்ணாடியை உயர்த்திவிட்டுப் பார்த்தார். விளையாட்டாக எழுதியிருப்பாள் என்றார். ஆதார் இல்லை, சாதிச் சான்றிதழ் இல்லை, முதல் பட்டியல் போடும் நாளுக்குள் வராவிட்டால் தானாகவே கழிந்துவிடும், நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்றார். பட்டியலுக்குப் பதினைந்து நாள் இருந்தது.

ஐநூற்று எழுபத்தொன்று வாங்கிய பிள்ளை விளையாடுமா என்று பிரிஜா கேட்டுக்கொண்டாள். விண்ணப்பத்திலிருந்த எண்ணுக்குப் போன் செய்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அபினா வந்தாள். ஒல்லியான பெண். பள்ளிப் பையிலேயே சான்றிதழ்களைக் கொண்டுவந்திருந்தாள். மாற்றுச் சான்றிதழைப் பார்த்த பிரிஜாவுக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. அதில் நாட்டினம் 'இந்தியர்' என்று தெளிவாக இருந்தது.

"இதுல இந்தியர்னு இருக்கே. பின்னே எதுக்கு நீ இப்பிடி எழுதின?"

"அது ஒண்ணாங்கிளாஸ்ல டீச்சர் எழுதுனது மேடம். எங்கம்மா ஒண்ணும் சொல்லாம நின்னதுனால அவியளே எழுதிட்டாவ. இது நான் எழுதுறது. பதினெட்டு ஆச்சு. கீழ, சொன்னதெல்லாம் உண்மைன்னு நான்தானே கையெழுத்துப் போடணும்?"

"அப்போ நீ எந்த ஊருன்னு உனக்குத் தெரியாதா?"

"அம்மா சிலோன்காரி. அது தெரியும். நான் எங்க பொறந்தேன்னு கேட்டா கடல்லன்னு சொல்லுவா. சின்னதுல நம்புனேன். பெறகு சும்மா சொல்லுகான்னு நினைச்சேன். இப்போ எனக்கே தெரியல."

அவள் தன்னிடமிருந்த இன்னொரு காகிதத்தையும் நீட்டினாள். பங்குக் கோவிலில் கொடுத்த ஞானஸ்நானச் சான்றிதழ். தாய் பெயர் எமல்டா. தந்தை பெயர் இருந்தது. பிறந்த தேதி 2007 ஜனவரி. பிறந்த இடத்துக்கு எதிரே அங்கேயும் ஒரு கோடு. தான் இப்படி எழுதியது அம்மாவுக்குத் தெரியாது என்று அபினா சொன்னாள். பேருந்துக்குப் போகும்போது திரும்பி வந்து, ஒரு வேளை நிஜமாகவே கடலில் பிறந்திருந்தால் அந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டாள். பிரிஜா அவள் வீட்டு விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பிரிஜா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். களியக்காவிளைச் சாலையில் இருந்த நெரிசலைத் தாண்டி, தென்னந்தோப்புகள் வழியாக இறங்கியபோது மணி பன்னிரண்டு. திருவட்டாறில் பிறந்து வளர்ந்தும் அந்தக் கரைக்கு அவள் வந்தது இரண்டு தடவைதான். இரண்டும் கல்யாணங்கள்.

எமல்டா குடியிருந்தது கிளீட்டஸ் என்ற படகுக்காரரின் வீட்டை ஒட்டிய இரண்டு அறைகளில். ஐஸ் கம்பெனியில் இறால் உரிக்கும் வேலைக்குப் போகிறவள். ஊரில் எல்லோரும் அறிந்தவரை அவள் கிளீட்டஸின் மனைவிக்குத் தூத்துக்குடிப் பக்கத்துச் சொந்தம். பிரிஜா யார் என்று தெரிந்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். வந்த காரியம் தெரிந்ததும் முகம் மாறிவிட்டது. மகளைப் பார்த்தாள். மகள் தலையைக் குனியவில்லை.

"பதினெட்டு வருசமா வாயைத் திறவாம இருந்தனான்," என்றாள் எமல்டா. அதுவரை ஊர்ப் பேச்சு பேசியவளின் நாக்கு அவள் அறியாமலே இலங்கைப் பேச்சுக்குத் திரும்பியிருந்தது. "இவள் ஒரு சொல்லில எல்லாத்தையும் கொட்டிப்போட்டாள். நீங்கள் ஏன் இதைத் தோண்டுறியள்? இடம் இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லுங்கோ. உங்களுக்கு என்ன கதை வேணும்?"

பிரிஜாவுக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று பட்டது. உதவி செய்யத்தான் வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தவள், அது பாதிதான் உண்மை என்பதால் நிறுத்திக்கொண்டாள். தெரிந்துகொள்ளவும்தான் வந்தேன் என்று சொன்னாள். தெரிந்தால்தான் எந்த வாசலைத் தட்டுவது என்று புரியும், தெரியாவிட்டாலும் இந்தப் பிள்ளையின் விண்ணப்பத்தைத் தன்னால் தூக்கிப்போட முடியாது, வேலைக்கு வந்த நாளிலிருந்து இதுதான் தன் குணம் என்றாள்.

எமல்டா உள்ளே போய்த் தேநீர் போட ஆரம்பித்தாள். பேசுவதற்கு அவளுக்குக் கையில் ஒரு வேலை வேண்டியிருந்ததுபோல. அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

மன்னார்ப் பக்கத்துப் பேசாலையிலிருந்து பதினொரு பேர் ஒரு கண்ணாடியிழைப் படகில் புறப்பட்டார்கள். ஊருக்குள் ஷெல் விழ ஆரம்பித்திருந்தது. புருசன் அடுத்த படகில் வருவதாகச் சொல்லி இவளை ஏற்றிவிட்டான். பேறுகாலத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று கணக்கு. தனுஷ்கோடிக்குப் போக வேண்டிய படகு, கடற்படை ரோந்துக்குப் பயந்து தெற்கே சுற்றியது. எஞ்சின் நின்றுபோனது. வாடைக்காற்று ஐந்து நாள் இழுத்துக்கொண்டே போனது. கடைசி இரண்டு நாள் குடிக்கத் தண்ணீர் இல்லை.

மீதியைச் சொன்னவர் கிளீட்டஸ். வாசலில் வந்து நின்றவர், எமல்டா நிறுத்திய இடத்தில் எடுத்துக்கொண்டார். தூண்டில் தொழில் முடிந்து கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த அவர் படகில் ஏழு பேர் இருந்தார்கள். காலை பதினொன்று, பதினொன்றரை இருக்கும். சட்டையைக் கழற்றி ஒருத்தன் வீசுவது தெரிந்தது. கயிறு போட்டு எல்லோரையும் ஏற்றினார்கள். எமல்டாவை ஏற்றியபோதே வலி வந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் படகின் தட்டில், நைலான் வலையை மடித்துப் போட்ட படுக்கையில் பிள்ளை பிறந்தது. கூட வந்த ஒரு பெண் பார்த்துக்கொண்டாள். படகின் சமையல்காரர் ஜெபமணி, கொடி அறுக்கக் கத்தியைக் கொதிக்கிற சோற்றுப் பானைக்குள் போட்டு எடுத்துக் கொடுத்தார்.

"இவ அழவே இல்ல," என்றார் கிளீட்டஸ், அபினாவைக் காட்டி. "கண்ணத் தொறந்து ஒவ்வொருத்தனயா பாத்தா. ஏழு ஆம்பளயளும் ஓரோ பக்கம் திரும்பி அழுதிட்டு நின்னோம்."

அபினா இதை முதல் தடவையாகக் கேட்டாள். தாயையும் கிளீட்டஸையும் மாறி மாறிப் பார்த்தாள். பத்துப் பேர் கன்னியாகுமரியில் இறங்கிப் போலீசில் பதிந்துகொண்டு முகாமுக்குப் போனார்கள். எமல்டாவுக்கு அப்போது நினைவு தப்புகிற காய்ச்சல். கிளீட்டஸின் வீட்டில் இரண்டு மாதம் கிடந்தாள். எழுந்தபோது, காலம் கடந்து போனால் ஜெயிலில் போடுவார்கள் என்று யாரோ சொன்னார்கள். பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்று இன்னொருவர் சொன்னார். கொஞ்ச நாள் கழித்துப் போகலாம் என்று இருந்தாள். கொஞ்ச நாள் பதினெட்டு வருடமாகிவிட்டது. புருசனைப் பற்றி எந்தத் தகவலும் வரவில்லை. தேடி எழுதினால் தான் இருக்கும் இடம் தெரிந்துவிடும் என்ற பயத்தில் அவள் யாருக்கும் எழுதவும் இல்லை.

"மாமா, அது எந்த இடம்?" என்று கேட்டாள் அபினா.

கிளீட்டஸ் வீட்டுக்குள் போய்ப் பழைய நோட்டுப் புத்தகங்களைக் கட்டாகத் தூக்கி வந்தார். மீன் பட்ட இடங்களையெல்லாம் ஜிபிஎஸ் பார்த்து எழுதிவைப்பது ஆழ்கடலுக்குப் போகிறவர்களின் வழக்கம். நான்காவது நோட்டில் இருந்தது. மேலே சூரை, கீழே சுறா, நடுவே ஒரு வரி. ஏழு டிகிரி ஐம்பத்திரண்டு வடக்கு, எழுபத்தெட்டு டிகிரி பத்து கிழக்கு. பக்கத்தில் 'பெம்பிள்ளை' என்று மட்டும் எழுதியிருந்தது.

பிரிஜா போனில் வரைபடத்தைத் திறந்து எண்களைப் போட்டாள். வெறும் நீலம் வந்தது. அபினா போனை வாங்கி விரல்களால் சுருக்கினாள். இன்னும் நீலம். மேலும் சுருக்கியபோது மேலே மணப்பாட்டுக் கரை எட்டிப் பார்த்தது, பிறகு இடதுபுறம் கன்னியாகுமரி முனை, கடைசியாக வலது ஓரத்தில் இலங்கை. அவள் ஒவ்வொரு கரைக்கும் தூரத்தை அளந்தாள். மணப்பாட்டுக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர். இலங்கைக்கு நூற்றெழுபது. நாட்டின் எல்லை கரையிலிருந்து எவ்வளவு தூரம் வரை போகும் என்று கேட்டாள். பன்னிரண்டு கடல்மைல் என்று கிளீட்டஸ் சொன்னார். அவள் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தாள். இருபத்திரண்டு கிலோமீட்டர்.

"அப்போ ரெண்டு நாட்டுலயும் இல்ல," என்றாள். அவள் குரலில் வருத்தம் இல்லை. நீண்ட நாள் கிடைக்காத ஒரு விடையின் முதல் வரி கிடைத்த மாதிரி இருந்தாள். எமல்டா அப்போதுதான் அடுப்பை விட்டு வந்து, அந்தப் போனில் தெரிந்த நீலத்தை எட்டிப் பார்த்தாள்.

குழித்துறை நீதிமன்றத்தில் வக்கீலாக இருக்கும் நேசையன் அந்தக் கல்லூரியின் பழைய மாணவர். பிரிஜா அவருக்கு எல்லாவற்றையும் சொன்னாள். அவரும் முதலில் அந்த எண்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் சொன்னார், பிறந்த இடம் எவ்வளவு சுவாரசியமாக இருந்தாலும் சட்டத்துக்கு அது பெரிய விஷயமில்லை என்று. இந்தக் கரையிலேயே பிறந்திருந்தாலும் தாய் அனுமதியில்லாமல் வந்தவள் என்றால் பிள்ளை இந்தியக் குடிமகள் ஆகாது. தாயின் வழியில் இலங்கையில் பதிவு செய்ய வழி உண்டு. இங்கே இருப்பதற்கு, ஆட்சியரிடம் மனு கொடுத்து, முகாமுக்கு வெளியே தங்கியிருக்கும் அகதிகள் என்று காவல் நிலையத்தில் பதிய வேண்டும். இவ்வளவு தாமதத்துக்குப் பிறகு ஏற்பார்களா என்பது கேட்டால்தான் தெரியும். இன்னொன்றும் சொன்னார். அந்தப் பெண் 'இந்தியர்' என்று தேர்ந்து, பின்னால் பாஸ்போர்ட்டுக்குப் போகும்போது அது வெளிப்பட்டிருந்தால் பொய் ஆவணம் கொடுத்த வழக்கு அவள்மேலேயே வந்திருக்கும். தெரியவில்லை என்று எழுதியதே அவளைக் காப்பாற்றியது.

மனு கொடுக்க எமல்டா சம்மதிக்கவில்லை. மகளை டியூஷன் எடுக்கச் சொன்னாள், தையல் படிக்கச் சொன்னாள். அபினா சத்தம் போடவில்லை. பதினெட்டு வயது ஆகிவிட்டதால் தன் மனுவைத் தானே கொடுக்கலாம் என்று வக்கீல் சொன்னதாக மட்டும் சொன்னாள். அம்மாவின் பெயரை எழுதாமல் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்ததாகவும், முடியாது என்று தெரிந்ததால் அம்மா சொல்லும்வரை கொடுக்கப்போவதில்லை என்றும் சொன்னாள். இரண்டு நாள் தாயும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் காலை எமல்டா வேலைக்குப் போகாமல், கோவிலுக்கு உடுத்தும் சேலையை உடுத்திக்கொண்டு வந்து நின்றாள்.

அன்று திங்கட்கிழமை, நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு வாங்கும் நாள். பட்டா கேட்டும் முதியோர் உதவி கேட்டும் வந்தவர்களின் நடுவே அவர்களும் நின்றார்கள். பிரிஜா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். மனுவை வாங்கிய அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண். படித்துவிட்டு நிமிர்ந்து, இத்தனை வருடம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார்.

"இஞ்சதான் இருந்தனான் அம்மா. பயந்துகொண்டு இருந்தனான்," என்றாள் எமல்டா.

அந்த அதிகாரி அதற்குமேல் கடுமையாக ஒன்றும் கேட்கவில்லை. மனுவுக்கு ஒரு ஒப்புகைச் சீட்டு கொடுத்தார். காவல்துறை விசாரிக்கும், பொய் சொல்லாமல் பதில் சொல்லுங்கள் என்றார். எமல்டா வெளியே வந்து புங்கமரத்தடியில் உட்கார்ந்தாள். தன் பெயரும் ஊரும் அச்சாகியிருந்த அந்தச் சீட்டை மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். எமல்டா, பேசாலை, மன்னார் மாவட்டம். மறுபடியும் வாசிக்கச் சொன்னாள்.

விசாரணைக்கு வந்தவர்கள் கிளீட்டஸிடம்தான் அதிக நேரம் கேட்டார்கள். ஆள் கடத்தினீரா என்று கேட்டபோது அவர் கோபப்படவில்லை. "கடல்ல கெடந்தவியள எடுத்தேன் சார். எடுக்காம வந்திருந்தா நீங்க என்ன கேசு போடுவிய?" என்றார். நோட்டுப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

முதல் பட்டியலுக்கு இரண்டு நாள்தான் மீதி. ஒப்புகைச் சீட்டைக் கொண்டு சேர்க்க முடியுமா என்று முதல்வரிடம் கேட்டாள் பிரிஜா. முதல்வர் இரக்கமுள்ளவர்தான். ஆனால் பல்கலைக்கழகம் கேள்வி கேட்டால் காட்டுவதற்கு ஏதாவது முன்மாதிரி இருக்க வேண்டும் என்றார். இப்படி ஒரு மாணவரை இதற்கு முன் சேர்த்ததாக யாருக்கும் நினைவில்லை.

அன்று மதியம் தாணுமாலயனைக் காணவில்லை. சாப்பாட்டுப் பொட்டலம் மேசையில் பிரிக்காமல் கிடந்தது. மூன்று மணிக்கு அவர் பழைய ஆவண அறையிலிருந்து வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை முழுக்கத் தூசி. கையில் தடித்த சேர்க்கைப் பதிவேடு ஒன்று. 1966 என்று முதுகில் எழுதியிருந்தது.

"பர்மாவுல இருந்து அப்போ நெறைய பேரு வந்தாவல்லா," என்றார் பிரிஜாவிடம். "அதுல ஒருத்தனாவது இங்க படிச்சிருக்க மாட்டானான்னு ஒரு யோசனை. ரெண்டு நாளா ஒறக்கம் இல்ல மக்கா. பாரு."

பதிவேட்டில் எண்பத்தேழாம் எண்ணில் ஒரு மாணவன் பெயர் இருந்தது. பிறந்த இடம் பர்மாவின் மௌல்மீன். நாட்டினம் என்ற இடத்தில் பழைய மையில், 'ஆவணங்கள் வரும் வரை தற்காலிகமாகச் சேர்க்கப்படுகிறான்' என்று அன்றைய முதல்வரின் கையெழுத்தோடு எழுதியிருந்தது. பிரிஜா அடுத்த பக்கங்களைப் புரட்டப் போனாள். அவனுக்கு ஆவணங்கள் வந்தனவா என்று பார்க்க வேண்டும். தான் அதையும் பார்த்துவிட்டதாகத் தாணுமாலயன் சொன்னார். மூன்று வருடமும் தற்காலிகமாகவே படித்து முதல் வகுப்பில் தேறியிருந்தான். அதற்குப் பிறகு என்ன ஆனான் என்பது அந்தப் பதிவேட்டில் இல்லை.

அந்தப் பதிவேட்டை அவரே முதல்வர் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அதேபோல அபினாவைச் சேர்க்கலாம் என்ற குறிப்பையும் அவரே எழுதினார். ஒன்பது மாதத்தில் ஓய்வு பெறப் போகிறவர் ஏன் இதில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று முதல்வர் கேட்டபோது, நாற்பது வருடமாக அந்த அறையின் சாவி தன்னிடம்தான் இருக்கிறது, ஒரு தடவையாவது அது யாருக்காவது உபயோகப்பட வேண்டாமா என்று சொன்னாராம்.

அபினா பொதுப் பிரிவில் சேர்ந்தாள். நாட்டினத்துக்கு எதிரே 'இலங்கை. பதிவு நடைபெறுகிறது' என்று எழுதப்பட்டது. பிறந்த இடத்துக்கு, வக்கீலைக் கேட்டு, 'கடலில்' என்று எழுதினார்கள். அபினா அதன் கீழே டிகிரியும் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். கட்டம் சிறியதாக இருந்ததால் எழுத்தைச் சுருக்கி எழுத வேண்டியிருந்தது.

எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல முடியாது. காவல் நிலையப் பதிவு அக்டோபரில் கிடைத்தது. மாதம் ஒரு முறை தாயும் மகளும் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். பல்கலைக்கழகத்திலிருந்து தகுதிச் சான்று கேட்டு இரண்டு கடிதம் வந்துவிட்டது. நேசையன் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார். சென்னையில் இலங்கைத் தூதரக அலுவலகத்தில் கொடுத்த பிறப்புப் பதிவு மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. தேர்வு நுழைவுச் சீட்டு மட்டும் வந்துவிட்டது.

பதிவு கிடைத்த வாரம் எமல்டா தன் அண்ணனுக்குப் பேசாலை முகவரியில் ஒரு கடிதம் போட்டாள். அந்த வீடு இருக்கிறதா, அண்ணன் இருக்கிறானா என்று தெரியாமல் போட்ட கடிதம். கீழே கிளீட்டஸின் போன் எண்ணை எழுதியிருந்தாள். ஐந்து வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை பகலில் வீடியோ அழைப்பு வந்தது. பிரிஜா அன்று மீன் வாங்குகிற சாக்கில் அங்கே போயிருந்தாள்.

திரையில் நரைத்த தாடியோடு அண்ணன். எமல்டா புருசனைப் பற்றிக் கேட்டாள். அவர் ஏறிய படகு எங்கேயும் சேரவில்லை என்று அண்ணன் சொன்னார். அவளுக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு அண்ணன், வயிற்றிலிருந்த பிள்ளை என்ன ஆனது என்று மெதுவாகக் கேட்டார். எமல்டா போனை மகளின் பக்கம் திருப்பினாள்.

"இவளா?" என்றார் அவர். திரைக்கு மிக அருகில் வந்து பார்த்தார். "பிள்ளைக்கு என்ன பேர்?"

"அபினா."

"என்ன செய்யிறீங்கள் அபினா? படிக்கிறீங்களா?"

"காலேஜ்ல படிக்கேன் மாமா. பிசிக்ஸ்."

அது என்ன படிப்பு, அதில் என்ன சொல்லிக்கொடுப்பார்கள் என்று அவர் கேட்டார். அபினா போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அவருக்குப் புரிகிற மாதிரி, மிதக்கிற படகிலிருந்து ஆரம்பித்துச் சொல்லத் தொடங்கினாள்.